சொல் புழக்கம்: கஷ்டம்னா, என்ன கஷ்டம்?

இந்த வாரச் சொல், நாம் எல்லோரும் நாளைக்கு நாலு தடவையாவது சொல்லும் சொல். கஷ்டம்.

வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அரை மணி நேரம் காதை மட்டும் திறந்து வைத்திருங்கள். கீழே உள்ள ஆறு பேச்சில் நாலாவது காதில் விழும்.

"இந்த மழைக்கு நெல்லு தேறுறது கஷ்டம்."

"பாவம், ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பம் அது."

"கஷ்டப்பட்டு ரெண்டு பசங்களையும் படிக்க வச்சிட்டேன்."

"அண்ணி அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமாப் போச்சு."

"மாடிப்படி ஏறினா கஷ்டமா இருக்குது."

"மத்ததெல்லாம் பரவாயில்ல, கணக்குதான் கஷ்டம்."

சொல் ஒன்றுதான். பொருளோ ஆறு. முதலாவதில் 'கஷ்டம்' என்றால் சந்தேகம். நடக்க வாய்ப்புக் குறைவு. இரண்டாவதில் ஏழ்மை. மூன்றாவதில் உழைப்பு, சொல்கிறவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். நாலாவதில் மனவருத்தம். ஐந்தாவதில் உடம்பு முடியாமை. ஆறாவதில் கடினம்.

ஒரு சொல் இத்தனை வேலை செய்வது அதன் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்றால் சில கதவுகள் திறக்காமல் போய்விடும். அது எந்தெந்தக் கதவு என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் சொல்லின் கதை.

வந்த சொல், தங்கிய சொல்

கஷ்டம் வடமொழியிலிருந்து வந்தது. எழுத்திலேயே தெரிகிறது, 'ஷ' இருக்கிறதே. "அப்படியென்றால் இது தமிழில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. பிறப்பால் இல்லை, குடியிருப்பால் உண்டு என்பது என் பதில். 'கஷ்டம்' என்று மட்டும் சொல்லாமல் 'படு' என்ற தமிழ் வினையை ஒட்டிக் 'கஷ்டப்படு' என்று ஆக்கிக்கொண்டோம். பணக்கஷ்டம், தண்ணிக் கஷ்டம், மனக்கஷ்டம் என்று தமிழ்ச் சொற்களோடு சம்பந்தம் பண்ணி வைத்தோம். நஷ்டத்தை ஜோடி சேர்த்துக் 'கஷ்டநஷ்டம்' ஆக்கினோம். நச்சரிக்கும் கஸ்டமருக்குக் 'கஷ்டமர்' என்று பெயர் வைத்த கடைக்காரர்களும் உண்டு.

பாகூர்க்காரர்களுக்கு இந்த இருமொழிப் பழக்கம் ஒன்றும் புதிதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. அதில் ஒரு பகுதி வடமொழி, ஒரு பகுதி தமிழ். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே ஒரே செப்பேட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த ஊர் இது.

அதனால் 'கஷ்டம்' என்ற சொல்லை வீட்டைவிட்டுத் துரத்தச் சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே, வேலை தெரிந்த இன்னும் பத்துப் பதினைந்து சொற்கள் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கும் கொஞ்சம் வேலை கொடுக்கலாமே என்பதுதான் விஷயம்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை

*சிரமம்.* இதுவும் வடமொழிதான். மூலப்பொருள் உழைப்பு, உழைத்த களைப்பு. ஊர் கூடி ஏரிக்கரையில் மண் அள்ளிப் போட்டால் அதற்குச் 'சிரமதானம்' என்கிறோம். உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. இன்று சிரமம் மரியாதைச் சொல்லாகிவிட்டது. "சிரமம் பார்க்காம ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று பத்திரிகை வைக்கும்போது சொல்கிறோம். அதே இடத்தில் "கஷ்டப்பட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வரமாட்டார்!

*சங்கடம்.* இதன் மூலப்பொருள் குறுகல், ஒடுக்கம். ஒடுக்கமான சந்தில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நிற்கிற நிலை. இரண்டு பங்காளிகளும் ஒரே நாளில் கிரகப்பிரவேசம் வைத்து இரண்டு பேரும் உங்களைக் கூப்பிட்டால், அது தர்மசங்கடம். வயிறு சரியில்லை என்றாலும் "வயிறு சங்கடமா இருக்கு" என்கிறோம். மாதாமாதம் பிள்ளையாருக்குச் சங்கடஹர சதுர்த்தி கும்பிடுவது இந்தச் சங்கடம் தீரத்தான்.

*நெருக்கடி.* இதிலும் குறுகல்தான்; நெருக்குவதிலிருந்து வந்தது. தேர் நாளன்று வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் மாடவீதியில் இருப்பது ஜன நெருக்கடி. மாசக் கடைசியில் வீட்டில் இருப்பது பண நெருக்கடி. 1975 ஜூன் 25 அன்று நாட்டில் அறிவிக்கப்பட்டது நெருக்கடி நிலை. மூன்றிலும் மூச்சு முட்டும்.

*இடுக்கண்.* திருவள்ளுவருக்குப் பிடித்த சொல். 'இடுக்கண் அழியாமை' என்று 63-வது அதிகாரத்துக்கே பெயர் வைத்திருக்கிறார். துன்பம் வந்தால் கண் இடுங்கிப் போகிறதல்லவா, அதனால் வந்த பெயர் என்று விளக்கம் சொல்வார்கள். அந்தப் பத்துக் குறளில் இடுக்கண் மட்டுமில்லை. இடும்பை, அல்லல், துன்பம், இன்னாமை என்று மாற்றி மாற்றி வருகின்றன. தடங்கல் வந்த இடத்திலெல்லாம் தம் கட்டி இழுக்கும் வண்டி மாட்டைப் போல விடாமல் இழுப்பவனிடம், துன்பமே துன்பப்பட்டுப் போகும் என்கிறார். சேற்றில் சக்கரம் புதைந்த வண்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை உடனே புரியும்.

*இடர்.* செய்யுளில் மட்டும் இருந்த பழைய சொல். 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. இன்று புயல் சின்னம் தெரிந்தாலே செய்தியில் 'பேரிடர் மீட்புக் குழு' வந்துவிடுகிறது. அலமாரியில் மடித்து வைத்திருந்த பட்டுப்புடவை தினசரி உடுப்பாக மாறியது போல.

*அவதி.* செய்தித்தாள் தலைப்புக்கென்றே பிறந்த சொல். 'குடிநீரின்றிப் பொதுமக்கள் அவதி.' இதற்குக் கெடு, எல்லை என்றும் ஒரு பொருள் அகராதியில் உண்டு.

*தடங்கல்.* நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டாலே பழைய தூர்தர்ஷன் திரை கண்முன் வரும். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்!' நடந்துகொண்டிருந்த காரியம் நடுவில் நிற்பது தடங்கல். நின்றதால் நமக்கு வருவது கஷ்டம்.

*முடை.* பணமுடை. இருக்கிற சொத்து இருக்கிறது, கையில் காசு ஓட்டம் இல்லை. இது ஏழ்மை இல்லை, தற்காலிகம். கடன் கேட்கப் போகிறவர் "கஷ்டம்" என்றால் கொடுப்பவர் யோசிப்பார். "சின்னப் பணமுடை, அறுத்ததும் தந்துடறேன்" என்றால் கேட்கிற மாதிரி இருக்கும். வித்தியாசம் ஒரு சொல்தான்.

*பாடு.* எனக்கு மிகவும் பிடித்தது. பாடுபட்டவர் பாட்டாளி, சொல்லே அங்கிருந்து வந்ததுதான். "கஷ்டப்பட்டுப் படிக்க வச்சேன்" என்பதைவிட "பாடுபட்டுப் படிக்க வச்சேன்" என்பதில் அழுகை குறைவு, நிமிர்வு அதிகம். கடலோரக் குப்பங்களில் போய்ப் "பாடு எப்படி?" என்று கேட்டால் வலையில் விழுந்த மீனைப் பற்றிச் சொல்வார்கள். பட்ட பாட்டுக்குக் கிடைத்ததும் அங்கே பாடுதான்.

*திண்டாட்டம், அல்லாடல், லோல்படுதல்.* மூன்றும் அலைய வைக்கிற கஷ்டம். ஒரு கையெழுத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஒரே மாநிலம், மூன்று மொழிக் கஷ்டம்

புதுச்சேரி அரசு வேலையில் இருப்பவர்களுக்கு மாஹேவுக்கோ ஏனாமுக்கோ மாற்றல் வரும். வரைபடத்தில் மாஹே கேரளக் கரையில்; ஏனாம் ஆந்திரத்தில், கோதாவரிப் பக்கம். அங்கே போனால் கஷ்டமும் மொழி மாறும்.

மாஹேயில் சிரமம் என்பதற்குப் 'புத்திமுட்டு' என்பார்கள். நம் காதுக்கு 'புத்தி முட்டுகிறது' என்று விழும். சிரிக்க வேண்டாம், அது அங்கே சாதாரணமான, மரியாதையான சொல். அங்கே யாராவது வெறுமனே "கஷ்டம்!" என்றால், "ஐயோ பாவமே" என்று இரக்கப்படுகிறார் என்று பொருள்.

ஏனாமில் தெலுங்கு. அங்கேயும் கஷ்டம் கஷ்டம்தான். நம்மைப் போலவே துன்பத்துக்கும் உழைப்புக்கும் அந்த ஒரே சொல். பாடுபட்டுச் சேர்த்த சொத்துக்கு அங்கே 'கஷ்டார்ஜிதம்' என்று பெயர்.

கடல் தாண்டி யாழ்ப்பாணம் போனால் இன்னும் சுவாரசியம். "அவருக்குக் கடும் வருத்தம்" என்று அங்கே சொன்னால், நாம் நினைப்பதுபோல மனத்தாங்கல் இல்லை. உடம்பு ரொம்ப முடியவில்லை என்று பொருள். நோயாளிக்கு 'வருத்தக்காரர்' என்றே பெயர். தொந்தரவுக்குக் 'கரைச்சல்'. வெளிநாட்டில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் சம்பந்தம் பண்ணியவர்கள் போனில் "வருத்தம்" என்று கேட்டால், "யார் மேல?" என்று கேட்டுவிடாதீர்கள். "இப்ப எப்படி இருக்கார்?" என்று கேளுங்கள்.

மனுவில் எழுதும்போது

இப்போது திறக்காத கதவுகளுக்கு வருவோம்.

2024 நவம்பர் 30 இரவை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, பாகூர் பக்கத்துக் கரையோர ஊர்களைச் சூழ்ந்துகொண்டது. வில்லியனூர் பக்கம் சங்கராபரணி.

அந்த வாரம் செய்தியில் 'பேரிடர்'. தலைப்பில் 'அவதி'. அரசு அறிவிப்பில் 'நிவாரணம்': ரேஷன் அட்டைக்கு 5,000 ரூபாய், பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய். வீட்டுத் திண்ணையில் மட்டும் ஒரே சொல்: "கஷ்டம்பா."

திண்ணைக்கு அது போதும். மனுவுக்குப் போதாது. 'நான் மிகவும் கஷ்டப்படுகிறேன், ஆவன செய்ய வேண்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால், படிக்கிற அதிகாரிக்கு இரக்கம் வரலாம்; ஆனால் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாது. படிவத்தில் 'கஷ்டம்' என்று ஒரு கட்டம் கிடையாது. 'சேதம்' என்று உண்டு. 'இழப்பு' என்று உண்டு.

'ஒரு காணியில் சம்பா நட்டிருந்தேன். ஐந்து நாள் தண்ணீர் நின்று வேர் அழுகிவிட்டது. கறவை மாடு ஒன்று இறந்துவிட்டது. வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டது.' இதில் கஷ்டம் என்ற சொல்லே இல்லை. ஆனால் கஷ்டம் முழுக்க இருக்கிறது. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றையும் எழுதிவிட்டால் மனு தானே பேசும்.

கல்வி உதவித்தொகைக்கு எழுதும்போதும் அப்படித்தான். 'கஷ்டப்பட்ட குடும்பம்' என்று எழுதுவதைவிட, 'சிவப்பு ரேஷன் அட்டை வைத்திருக்கிறோம், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், அப்பா இல்லை' என்று எழுதுங்கள். நம் புதுச்சேரியில் சிவப்பு அட்டை என்றாலே வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று அர்த்தம். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

டாக்டரிடம் சொல்லும்போது

இன்னொரு கதவு, ஆஸ்பத்திரிக் கதவு.

"என்னம்மா பண்ணுது?"

"கஷ்டமா இருக்குது சார்."

இதற்கு மேல் டாக்டர்தான் துருவ வேண்டும். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் வேறு மாநிலத்துக்காரராகவும் இருக்கலாம். 'வலி' என்பது அவர் முதலில் கற்றுக்கொள்கிற தமிழ்ச் சொற்களில் ஒன்றாக இருக்கும். அதற்கு மேல் நாம்தான் உதவ வேண்டும்.

அதற்குத் தமிழில் சொல்லா இல்லை? குத்துது, குடையுது, எரியுது, பிசையுது, இழுத்துப் பிடிக்குது, கடுக்குது, விண்ணு விண்ணுனு தெறிக்குது, மதமதன்னு இருக்குது, மூச்சு வாங்குது, மூச்சு முட்டுது, படபடங்குது. நம் பாட்டிமார்கள் இவற்றை மாற்றிச் சொல்லவே மாட்டார்கள். வயிறு எரிவது வேறு, பிசைவது வேறு. கால் கடுப்பது வேறு, மரத்துப்போவது வேறு. ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு துப்பு.

முக்கியமாக ஒன்று. வீட்டில் பெரியவர் யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "ஒருமாதிரி கஷ்டமா இருக்கு" என்றால், வாயு என்று நீங்களே முடிவு பண்ணாதீர்கள். "அழுத்துதா? இடது கை, தாடைப் பக்கம் வலி போகுதா? வேர்க்குதா? மூச்சு முட்டுதா?" என்று கேளுங்கள். ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் சுக்குக் கஷாயம் வைக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சரியான சொல் வருவதற்குள் நேரம் போய்விடக் கூடாது.

பிள்ளைகள் சொல்லும்போது

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய பிறகு, வீட்டுக்கு வீடு கேட்கும் வாக்கியம், "பாடம் கஷ்டமா இருக்கு." உடனே நாம், "நாங்கல்லாம் எவ்ளோ கஷ்டப்பட்டோம் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். பிள்ளை சொன்னது ஒரு கஷ்டம், நாம் சொல்வது வேறு கஷ்டம். பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

பிள்ளைக்கு இருப்பது என்னவாக இருக்கலாம்? ஆங்கிலத்தில் இருப்பது புரியாமை. கணக்கில் போன வருஷத்து அடிப்படை தெரியாமை. கரும்பலகை சரியாகத் தெரியாமை. அதற்குத் தேவை கண்ணாடி, டியூஷன் இல்லை. பக்கத்தில் உட்காருபவன் சீண்டுவது. அல்லது, எல்லாவற்றுக்கும் அடியில், மனசு சரியில்லாமை. இந்த ஐந்துக்கும் பிள்ளை சொல்லப்போவது ஒரே சொல்தான்: கஷ்டமா இருக்கு.

எனவே திட்டுவதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து, "எது கஷ்டம்? பாடமா, வாத்தியாரா, பசங்களா, மனசா?" என்று கேளுங்கள். முதல் நாள் பதில் வராது. இரண்டாம் நாளும் கேளுங்கள். மனசுதான் என்றால், யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை என்றால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். காசு இல்லை.

"கொஞ்சம் கஷ்டம்தான்"

இவ்வளவும் சொன்ன பிறகு, கஷ்டம் என்ற சொல்லுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அது சிலருக்குத் திரைச்சீலை.

ராத்திரி அடுப்பு எரியவில்லை என்று யாரும் பக்கத்து வீட்டில் சொல்லமாட்டார்கள். சங்கத்துத் தவணை கட்டத் தாலிக்கொடி அடகுக்குப் போனதைச் சொல்லமாட்டார்கள். மகன் குடித்துவிட்டு வந்து அடித்ததைச் சொல்லமாட்டார்கள். "எப்படி இருக்கீங்கக்கா?" என்று கேட்டால், "கொஞ்சம் கஷ்டம்தான், பரவாயில்ல" என்பார்கள். பசியையும் கடனையும் அடியையும் ஒரே சொல்லில் மூடி, மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். அந்தத் திரையை நாலு பேர் முன்னால் இழுக்கக் கூடாது.

ஆனால், தனியாகப் பார்க்கும்போது கேட்கலாம். "கொஞ்சம் கஷ்டம்" என்பதில் 'கொஞ்சம்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ரொம்பக் கஷ்டத்தில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் கொஞ்சம் என்பார்கள். சும்மா "அப்படியா" என்று நகர்ந்துவிட்டால் அந்தப் பேச்சு அதோடு செத்துவிடும்.

இதற்கு நம் ஊர்ப் பேச்சிலேயே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. 'என்ன' என்பதைப் புதுச்சேரிப் பக்கம் பல பேர் 'இன்னா' என்போம். வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். பழந்தமிழில் 'இன்னா' என்றால் துன்பம். கபிலர் பாடிய 'இன்னா நாற்பது' என்ற நூல், எது எது துன்பம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது. அந்த இன்னா வேறு, நம் இன்னா வேறு. ஒலி மட்டும்தான் ஒன்று. ஆனாலும் அந்தப் புலவர் செய்த வேலையைத்தான் நம் கேள்வியும் செய்கிறது: பொதுவாகக் கஷ்டம் என்று விட்டுவிடாமல், அதற்கு ஒரு பெயர் கேட்கிறது.

ஆகவே இந்த வாரம் யாராவது உங்களிடம் "கஷ்டமா இருக்கு" என்றால், அறிவுரை வேண்டாம், உங்கள் கதையும் வேண்டாம். ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து, "இன்னா கஷ்டம்க்கா?" என்று மட்டும் கேளுங்கள்.

கையோடு வைத்துக்கொள்ள

நடக்குமா என்ற ஐயம் – சந்தேகம், அரிது
காசு ஓட்டம் இல்லை – பணமுடை
என்றைக்குமே இல்லை – ஏழ்மை, வறுமை
உழைத்துச் சாதித்தது – பாடுபட்டு
இரண்டு பக்கமும் இழுபடுவது – தர்மசங்கடம்
பிறர் பேச்சால் மனசு நொந்தது – வருத்தம், மனத்தாங்கல்
மழை, வெள்ளத்தில் போனது – சேதம், இழப்பு
பாடம், வேலை – கடினம்
விருந்தாளியிடம் – சிரமம்

உங்கள் ஊரில் கஷ்டத்துக்கு வேறு ஏதாவது பெயர் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரச் சொல்: சும்மா.